கோயில் வளவில இருந்து தொடங்குவம்: எங்கட சபையள் மண்ணையும் தண்ணியையும் பாக்கிறது எப்பிடி

ஜூன் 5ம் திகதி மரம் நடாதேங்கோ. முதல்ல இதைத்தான் சொல்லவேணும், ஏனெண்டா எங்கட கோயிலில நாலு வருசம் அப்பிடித்தான் நட்டனாங்கள். உலக சுற்றாடல் தினம் எண்டு பனர் கட்டி, பாதர் ஒரு கண்டு, மூப்பர் ஒரு கண்டு, சிஸ்டர் ஒரு கண்டு எண்டு நட்டு, போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில போட்டு, பிறகு சோளகக் காத்து அடிக்கத் தொடங்க ஆடி முடியிறதுக்குள்ள எல்லாம் கருகிப்போச்சு. நாலாவது வருசம் ஒரு வேப்பங்கண்டு மட்டும் தப்பினது, அதுவும் கை கழுவிற பைப்புக்குக் கிட்ட நிண்டபடியா. யாழ்ப்பாணத்தில பெரிய மழை வாறது ஐப்பசியில இருந்து மார்கழி மட்டும்தான், வருசத்துக்கு 1250 மில்லிமீற்றர் அளவில பெய்யிற மழையில கூடின பங்கு அந்த மூண்டு மாசத்துக்குள்ளதான் கொட்டும். அப்ப வேற ஊரின்ர கலண்டரைப் பாத்து வைகாசி, ஆனியில நட்டா கண்டு சாகாமல் என்ன செய்யும்?

அதால நான் எழுதப்போற முறை இதுதான்: கோயில் கலண்டரையும் மழைக் கலண்டரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. கத்தோலிக்கமோ மெதடிஸ்தமோ தென்னிந்திய திருச்சபையோ அங்கிலிக்கனோ, எல்லாருக்கும் ஒரு வளவு இருக்கு, கிணறு இருக்கு, பெரிய கூரை இருக்கு, சேமக்காலை (ஆக்களை அடக்கம் பண்ணுற இடம்) இருக்கு, வருசத்தில ஒரு பெருநாள் இருக்கு. புதுசா ஒரு சங்கம் தொடங்கி நிதி கேட்டு அலையத் தேவையில்லை, இருக்கிறதை ஒழுங்காப் பாத்தாலே கனக்க வேலை கிடக்கு.

இது கோயிலுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம், எங்கட கமிற்றியிலயே கேட்டவை. ஆதியாகமத்தில மனுசனைத் தோட்டத்தில வைச்சது அதைப் பண்படுத்தவும் காக்கவும் எண்டுதான் இருக்கு. எனக்கு அதைவிடப் பிடிச்சது ஈசாக்கின்ர கதை. தகப்பன் ஆபிரகாம் வெட்டின கிணறுகளைப் பெலிஸ்தர் மண் போட்டு மூட, மகன் வந்து திரும்பத் தோண்டி அதுகளுக்குத் தகப்பன் வைச்ச பேரையே திரும்பவும் வைக்கிறார். கிணத்தில சீவிக்கிற எங்களுக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு, 1989ல கொன்ஸ்தாந்திநோபிள் ஓர்த்தடொக்ஸ் பிதாப்பிதா செப்டெம்பர் 1ம் திகதியைப் படைப்புக்காகச் செபிக்கிற நாளா அறிவிச்சார், அதில தொடங்கி இப்ப ஒக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள் மட்டும் படைப்பின் காலம் எண்டு கனக்க சபையள் அனுசரிக்கினம். 2015ல பாப்பரசர் பிரான்சிஸ் பூமியைப் பேணுறதைப் பற்றிச் சுற்றுமடல் எழுதின அதே வருசம் கத்தோலிக்கருக்கும் அந்த நாளைச் சேர்த்துவிட்டார். அங்கிலிக்கன் சபையள் ஊழியத்தின்ர அஞ்சு அடையாளத்தில அஞ்சாவதா படைப்பைப் பேணுறதை வைச்சிருக்கினம்.

எங்களுக்கு இதில ஒரு வசதி இருக்கு பாருங்கோ. செப்டெம்பர் 1 தொடங்கி ஒக்டோபர் 4 மட்டும் எண்டா எங்களுக்கு ஆவணி கடைசி, புரட்டாசி. கிணத்தில தண்ணி நல்லா அடியில கிடக்கிற நேரம், பனம்பழம் விழுற நேரம், மாரி வர இன்னும் கொஞ்ச நாள் இருக்கிற நேரம். கிணறு இறைக்கிறதும் கூரைப் பீலி துப்பரவாக்கிறதும் பனங்கொட்டை புதைக்கிறதும் மரம் நடக் கிடங்கு வெட்டுறதும் அப்பதான் செய்யவேணும், எங்கட அம்மாச்சி ஆக்கள் இந்தப் பேர் ஒண்டும் தெரியாமலே அப்பதான் செய்தவை. ஆகவே அதுக்குள்ள வாற நாலஞ்சு ஞாயிறையும் வேலைக்கு எடுங்கோ, பிரசங்கம் அதோட சேர்ந்து வரட்டும்.

ஆனா அதுக்கு முதல் ஒரு நாள் வளவைச் சுத்தி நடக்கவேணும். ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிய ஒரு பத்துப்பேர் காணும், அதில கட்டாயம் கோயில் கூட்டுற அக்கா இருக்கவேணும், வளவில எங்க தண்ணி நிக்கும், எங்க குப்பை சேரும், எந்தப் பைப் ஒழுகும் எண்டு கமிற்றியில ஒருத்தருக்கும் தெரியாது, அவவுக்குத் தெரியும். வயது போன ஆக்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்கட வளவில நாங்கள் நடக்கேக்க ஒரு ஐயா மதிலோரமா நிண்டு "தம்பி உதில ஒரு வாய்க்கால் ஓடினது, பள்ளிக்கூடப் பக்கத் தண்ணி எல்லாம் உதால வந்துதான் குளத்துக்குப் போறது" எண்டார். கிளறிப் பாத்தா உண்மைதான், சைக்கிள் விட இடம் வேணுமெண்டு மண் போட்டு மூடியிருக்கினம், அதாலதான் ஒவ்வொரு மாரிக்கும் மண்டபத்துக்குள்ள வெள்ளம் வந்திருக்கு. நடக்கேக்க ஒரு கொப்பியில எல்லாத்தையும் எழுதுங்கோ: கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் எத்தினை அடி, கூரையில பீலி எங்க இல்லை, குப்பை எங்க கொளுத்தினம், எத்தினை பல்ப், எத்தினை பான், எந்த மரம் எத்தினை. அண்டைக்கே தீர்வு கதைக்கத் தொடங்காதேங்கோ, சண்டையிலதான் முடியும்.

இப்ப கிணறு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன்.

எங்களிட்ட வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். குடிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நிக்கிற தண்ணி, அந்த நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது எண்டு நினையுங்கோ. நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணியும் ஆழத்துக்குப் போகப்போக உப்பும் எண்டு சொல்லுறதின்ர காரணமும் இதுதான். மேல இருக்கிறதை அளவுக்கு மிஞ்சி இறைச்சா கீழ இருக்கிற உப்பு எழும்பி வரும், பிறகு தண்ணி சவராப் போச்சு எண்டு புது இடத்தில கிணறு வெட்டுறதில பிரயோசனம் இல்லை. சுண்ணாம்புக் கல்லில வெடிப்பும் பொந்தும் கனக்க, அதால மேல ஊத்திறது என்னவோ அது கெதியாக் கீழ போயிடும், மண்ணுள்ள இடத்தில மாதிரி வடிபட்டுப் போகாது. தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் மலசலகூடக் குழித் தண்ணியும் சேர்ந்துதான் எங்கட கிணறுகளில நைத்திரேற்று கூடினது. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்குச் சொல்லுற அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதுக்கு மேல போனா கைக்குழந்தையளுக்குக் கூடாது, மற்றது கொதிக்க வைச்சா நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும். 2014, 2015ல சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில எண்ணெய் கிடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், சொந்தக் கிணத்தை விட்டுப்போட்டு பவுசர் தண்ணிக்கு வாளியோட சனம் நிண்ட காலம் அது. கோயில் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் அங்கால பிள்ளையார் கோயில் கேணியும் ஒரே கல்லுக்குள்ளதான் இருக்கு, இதில எங்கட தண்ணி அவையின்ர தண்ணி எண்டு ஒண்டு இல்லை.

அப்ப செய்யவேண்டியது. ஒண்டு, தண்ணியைப் பரிசோதிக்கிறது. உங்கட இடத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட (பிஎச்ஐ) கேட்டா எங்க குடுக்கிறது, போத்தலை எப்பிடிக் கழுவிறது எண்டு சொல்லுவார். மாரிக்கு முதல் ஒருக்கா, மாரி முடிய ஒருக்கா எண்டு வருசத்தில ரெண்டு தரம் குடுங்கோ, வாற முடிவைக் கோயில் போர்டில ஒட்டுங்கோ, நல்லா இருந்தாலும் ஒட்டுங்கோ கூடாமல் இருந்தாலும் ஒட்டுங்கோ, அந்தத் தண்ணியைச் சனம்தானே குடிக்குது. ரெண்டாவது, மலசலகூடக் குழி. கிணத்துக்கும் குழிக்கும் 50 அடியாவது வேணும் எண்டு சொல்லுவினம், எங்கட கல்லில அதுவும் சில இடத்தில காணாது. அதால அடி சீமெந்து போட்டு மூடின தாங்கியாக் கட்டி, நிரம்பினா பவுசருக்குச் சொல்லி எடுப்பிக்கிறதுதான் நல்லம். பெருநாளுக்கு எண்டு வளவு மூலையில ரெண்டு கிடங்கு வெட்டித் தகரம் அடிச்சுத் தற்காலிக மலசலகூடம் போடுறதை விடுங்கோ, பத்து நாள் பெருநாள் முடிஞ்சு போயிடும், அது கிணத்துக்குள்ள நிக்கும்.

மூண்டாவது கிணறு இறைக்கிறது. ஆவணி புரட்டாசியில கலக்கி இறைச்சு, ஊறின இலையளையும் சேத்தையும் எடுத்து, கட்டைச் சுத்தி சீமெந்து வெடிச்சிருந்தாப் பூசி, வலை போட்டு மூடுங்கோ. இறைச்ச பிறகு குளோரின் எவ்வளவு போடுறது எண்டதைப் பிஎச்ஐயிட்டக் கேட்டுச் செய்யுங்கோ. கரையோரத்துக் கோயில் எண்டா ஒரேயடியா அடி தெரிய இறைக்காதேங்கோ, சவர் எழும்பிடும், ரெண்டு மூண்டு நாளாப் பிரிச்சுச் செய்யுங்கோ. இன்னொண்டு, இதை வடிவாக் கவனிக்கவேணும்: பெற்றோல், மண்ணெண்ணெய் மோட்டரைக் கிணத்துக்குள்ள இறக்கி ஓட விட்டிட்டு ஆரும் உள்ளுக்கு இறங்கக்கூடாது. அந்தப் புகையில ஆக்கள் மயங்கிச் செத்திருக்கினம், காப்பாத்த இறங்கினவையும் சேர்ந்து செத்திருக்கினம். மோட்டர் மேல நிக்கட்டும், பெடியள் இறங்கேக்க இடுப்பில கயிறு இருக்கட்டும்.

கிணத்தோட சேர்ந்ததுதான் கூரை. எங்கட கோயில்களின்ர கூரை எவ்வளவு பெரிசு எண்டு ஆரும் யோசிக்கிறேல்லை. 25 மீற்றர் நீளம் 12 மீற்றர் அகலம் எண்டு வையுங்கோ, 300 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு ஒரு சதுர மீற்றரில ஒரு லீற்றர், அப்ப ஒரு நாள் 50 மில்லிமீற்றர் கொட்டினா 15,000 லீற்றர் அந்த ஒரு கூரையில இருந்து விழுது. மாரி முழுக்க 800 பெஞ்சா, சிந்திறது தெறிக்கிறது போக ஐஞ்சில நாலு பங்கு பிடிச்சாலும் கிட்டத்தட்ட 190,000 லீற்றர். இவ்வளவும் இப்ப முற்றத்தில விழுந்து றோட்டுக்கு ஓடி, றோட்டில இருந்து கடலுக்குப் போகுது, நாங்கள் பங்குனியில தண்ணி இல்லை எண்டு அழுறம். பீலி போடுங்கோ, முழுக் கூரைக்கும் காசு காணாட்டி ஒரு பக்கத்துக்குப் போடுங்கோ. கீழ வாற பைப்பை நேரக் கிணத்துக்குள்ள விடாதேங்கோ, புறாவும் வௌவாலும் எங்கட கோயில் கூரையளில குடியிருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே. முதல் மழையைச் சும்மா ஓட விட்டு, பிறகும் ஒவ்வொரு மழைக்கும் முதல் கால் மணித்தியாலத் தண்ணியை வெளிய விட்டு, மிச்சத்தைச் சரளைக்கல்லும் கரியும் மணலும் போட்ட ஒரு சின்னத் தொட்டியால வடிச்சு கிணத்துக்கோ தாங்கிக்கோ விடுங்கோ. அதுவும் கஷ்டம் எண்டா கிணத்தில இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிடங்கு வெட்டி கல்லும் மணலும் நிரப்பி அதுக்குள்ள விடுங்கோ, நிலம் குடிக்கும். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தண்ணி குடிக்க வேண்டாம், நிலத்துக்கு விடலாம். முற்றத்தில ஓடுற ஊத்தைத் தண்ணியை மட்டும் ஒரு காலமும் கிணத்துப் பக்கம் திருப்பாதேங்கோ. முற்றத்துக்குச் சீமெந்துக் கல்லுப் பதிக்கிறது இப்ப ஒரு பாஷனாப் போச்சு, தேர் மாதிரிச் சோடிச்ச சொரூபம் சுத்துற பாதைக்கு மட்டும் பதிச்சிட்டு மிச்சத்தை மணலா விட்டா எவ்வளவு நல்லம், வெயிலும் எறிக்காது, மழையும் இறங்கும்.

மரத்துக்கு வாறன். ஐப்பசியில முதல் ரெண்டு மழை விழுந்து மண் நனைஞ்ச பிறகு நடுங்கோ. வேம்பு, பூவரசு, புளி, இலுப்பை, மருது, மதிலோரத்தில முருங்கை. என்ன நடுறது எண்டதைவிட வாற வருசம் சித்திரை வெயிலுக்கு ஆர் தண்ணி ஊத்திறது எண்டதை முதல்ல தீர்மானியுங்கோ. எங்கட கோயிலில இப்ப ஞானஸ்நானம் குடுக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்டு, ரெண்டாவது மாரி வரைக்கும் அந்தக் குடும்பம்தான் பொறுப்பு, ஞாயிறு வரேக்க ஒரு போத்தல் தண்ணி கொண்டு வருவினம். கண்டுக்குப் பக்கத்தில அடியில சின்ன ஓட்டை போட்ட மண்பானையைக் கழுத்து மட்டும் புதைச்சு, ஓட்டையில துணித்திரி வைச்சுத் தண்ணி நிரப்பி மூடிவிட்டா நாலஞ்சு நாளைக்கு வேருக்குக் கசிஞ்சுகொண்டு இருக்கும்.

பனை வேற கதை. பனையைக் கண்டா வளத்துக் கொண்டுவந்து நடேலாது, கொட்டையில இருந்து முளை நேர கீழ மண்ணுக்குள்ளதான் போகும், அதுதான் கிழங்கு. ஆகவே நிக்கவேண்டிய இடத்திலயே கொட்டையைப் புதைக்கவேணும், பத்தடிக்கு ஒண்டா வளவு எல்லையோரம், சேமக்காலை ஓரம், கடற்கரைக் காணி எண்டு. யுத்தத்தில பங்கருக்கு எத்தினை பனை தறிச்சது எண்டு எங்கட தலைமுறைக்குத் தெரியும், ஒரு பனை காய்க்கப் பதினஞ்சு இருபது வருசம் எடுக்கும், இண்டைக்குப் புதைக்கிறது எங்கட பேரப்பிள்ளையளுக்குத்தான். பிள்ளையளுக்கு அவ்வளவு காலம் பொறுமை வராது எண்டு யோசிச்சா ஒரு வழி சொல்லுறன்: ஞாயிறு பாடசாலைப் பிள்ளையளைக் கொண்டு புரட்டாசியில ஒரு பனம்பாத்தி போடுங்கோ, விழுற பழத்தின்ர கொட்டை முழுக்கப் பொறுக்கி அடுக்கட்டும், தை மாசியில கிழங்கு கிண்டி, அவிச்சு விக்கலாம், ஒடியலுக்குக் காயவிடலாம், அந்தக் காசில அடுத்த வருசத்துப் பீலி போடலாம். எங்கட பிள்ளையள் முதல் தரம் கிழங்கு கிண்டினண்டைக்கு அதுகளின்ர முகத்தைப் பாக்கவேணும்.

வளவு வேலியை இடிச்சு மதில் கட்டவேண்டி வந்தாலும் ஒரு பக்கமாவது கதியால் போட்டு வைச்சிருங்கோ, கிளுவை, கிளிசறியா, பூவரசு. குழை வெட்டி தென்னைக்கும் வாழைக்கும் தாழ்க்கலாம், குருவியளும் வரும். சருகு கூட்டிக் கொளுத்திற பழக்கம் இருக்கே, காலமை கூட்டி ஒரு மூலையில நெருப்பு வைச்சாத்தான் துப்பரவு எண்டு நினைக்கிறம். அந்தச் சருகு மரத்தின்ர சாப்பாடு, மர அடியில குவிச்சு விடுங்கோ, இல்லாட்டி நாலு தடி நட்டு வலை சுத்தி அதுக்குள்ள போட்டு மாரி நனைச்சா அடுத்த சித்திரைக்குப் பசளை.

பெருநாளுக்கு வருவம். கொடியேத்தத்தில இருந்து கொடியிறக்கம் மட்டும் சேர்ற குப்பை சில கோயிலில வருசம் முழுக்கச் சேர்றதைவிடக் கூட. இதில சட்டமும் இருக்கு, கனபேர் அறியேல்லை. 2017 செப்டெம்பர் 1ல இருந்து லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடை, சமய விழாக்களுக்குப் பொலித்தீனில சோடிக்கிறதும் அதே தடைக்குள்ளதான் வருது, பொலித்தீன் பிளாஸ்ரிக்கை வெளியில கொளுத்திறதும் அப்பிடித்தான். 2023 ஒக்டோபர் 1ல இருந்து ஒருதரம் பாவிக்கிற ஸ்ரோ, பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, பிளாஸ்ரிக் பூமாலை, பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு எல்லாம் தடை. அப்ப கலர் கலரா ரோட்டு நீளத்துக்குக் கட்டுற அந்தப் பொலித்தீன் கொடி இனி வேண்டாம், சீலையில தைச்சு வையுங்கோ, பத்து வருசம் பாவிக்கலாம், எங்கட மாதர் சங்கம் பழைய சாறியில தைச்சவை, வாங்கின கொடியைவிட அதுதான் வடிவு. தென்னங்குருத்துத் தோரணம் கட்டத் தெரிஞ்ச ஐயாமார் ஊரில இன்னும் இருக்கினம், அவையைக் கூப்பிட்டுப் பெடியளுக்குப் பழக்குவியுங்கோ.

சாப்பாட்டுக்கு வாழையிலைதான். ஆக்கள் கூட, இலை கட்டாது எண்டா எவர்சில்வர் கோப்பை 300 வாங்கிப் பங்குக்குச் சொந்தமா வைச்சிருங்கோ, கலியாணம், அந்தியேட்டி, கூட்டங்களுக்கு வாடகைக்கும் குடுக்கலாம், போட்ட காசு வந்திடும். கோப்பை கழுவிறது ஆர் எண்ட கேள்வி உடன வரும், ஒவ்வொரு முறையும் அது பொம்பிளையளின்ர தலையிலதான் விழும், அதை முன்னமே பேசி ஆம்பிளையளும் பெடியளும் ஒரு நேரம் எடுக்கிற மாதிரிப் பட்டியல் போடுங்கோ. இது செய்யாட்டி அடுத்த வருசம் ரெஜிபோம் திரும்ப வரும், நான் கண்டிருக்கிறன். கூழ் காய்ச்சிறது எண்டா பனையோலைப் பிளாவில குடுங்கோ, சின்னப் பிள்ளையள் அதுக்காகவே லைனில நிக்குங்கள். தண்ணிப் போத்தல் வேண்டாம், பானையும் பேணியும், இல்லாட்டித் தாங்கியும் பைப்பும், வாறவையைச் சொந்தப் போத்தல் கொண்டு வரச் சொல்லுங்கோ. கச்சதீவு அந்தோனியார் பெருநாளுக்குப் போற ஆக்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேணும், அங்க குடிதண்ணி இல்லை, எல்லாம் படகில போகுது, போற ஒவ்வொரு போத்தலும் ஆராவது திருப்பிக் கொண்டு வந்தாத்தான் வரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு உரபாக் குடுத்து விடுங்கோ, குப்பையோட திரும்பி வரட்டும்.

சேமக்காலையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை, அதால கொஞ்சம் சொல்லுறன். நவம்பர் 2 மரித்தோர் நாள் எங்களுக்குச் சரியா மாரி தொடங்கிற நேரம். கல்லறை ஒவ்வொண்டிலயும் பூச்சாடி, தண்ணியோட வைச்சிட்டு வாறம், மழை வந்து அதை நிரப்பும், பிறகு அடுத்த வருசம்தான் அங்க போறம். டெங்கு நுளம்புக்கு முட்டையில இருந்து பறக்க ஏழெட்டு நாள் காணும், மார்கழி தையில ஆசுபத்திரி வாட்டு நிரம்பிற காரணத்தில எங்கட சேமக்காலைக்கும் பங்கு இருக்கு எண்டு சொல்ல எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. சாடிக்குள்ள ஈரமணல் நிரப்பிப் பூவைக் குத்துங்கோ, பூ அதே மாதிரி நிக்கும், நுளம்பு பெருகாது. பிளாஸ்ரிக் பூவும் பொலித்தீன் சுத்தின மலர்வளையமும் வேண்டாம் எண்டு ரெண்டு கிழமைக்கு முதலே கோயிலில அறிவியுங்கோ, கேற்றடியில செவ்வந்தியும் செவ்வரத்தையும் கட்டி விக்க வாலிபருக்குச் சொல்லுங்கோ. ஒரு கிழமை முடியிறதுக்குள்ள ஆராவது ரெண்டுபேர் போய் உருகின மெழுகைச் சுரண்டிச் சேர்த்து (திரும்ப உருக்கித் திரி போடலாம்), கிடக்கிற சாடியளைக் கவிழ்த்து உள்பக்கம் தேய்ச்சு விட்டிட்டு வரவேணும், வெறுமனே தண்ணியை ஊத்தினாக் காணாது, முட்டை ஓரத்தில ஒட்டிக்கொண்டு காய்ஞ்சும் உயிரோட இருக்கும்.

தவக்காலத்துக்கும் ஒண்டு. குருத்தோலை ஞாயிறுக்கு ஆசைப்பட்டு வடலியின்ர குருத்தை முழுக்க வெட்டாதேங்கோ, ஒரு மரத்தில ஒண்டு எண்டு எடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓலை எண்டு குடுத்தாக் காணும், அடுத்த வருசம் சாம்பல் புதனுக்கு அதே ஓலையைத் திருப்பி வாங்கி எரிக்கிற வழக்கத்தை விட்டிடாதேங்கோ. பாலன் குடிலுக்கு ரெஜிபோம் மலை செய்யிறதை விட்டு வைக்கோல், பனையோலை, களிமண். யேசு பிறந்தது மாட்டுக்கொட்டிலிலதானே.

அறுப்பின் பண்டிகை செய்யிற சபையளுக்கு நல்ல ஒரு வாய்ப்பு இருக்கு, ஆனா இதில கவனமாக் கதைக்கவேணும். எங்கட சபையளில பாதிப்பேர் தோட்டம் செய்யிற குடும்பம், வெங்காயம், மிளகாய், புகையிலை. 2021ல இரசாயனப் பசளையை ஒரே இரவில நிப்பாட்டினாப்போல பட்ட பாட்டை அவையள் மறக்கேல்லை, மாசக்கணக்கில திண்டாடி பிறகுதான் தடையை எடுத்தவை. ஆகவே பிரசங்க மேடையில நிண்டு யூரியா போடுறது பாவம் எண்டு சொல்லாதேங்கோ. கோயில் காணியில ஒரு பரப்பிலயோ அரைப் பரப்பிலயோ நாங்கள் செய்து காட்டுவம், குழை தாழ்த்து, மாட்டெரு போட்டு, ஒரு போகம் அளவாப் பசளை போட்டு என்ன வருது எண்டு கணக்கு எழுதுவம், நட்டப்பட்டாக் கோயில் நட்டப்படட்டும். பண்டிகைக்குக் காய்கறியோட விதையும் கொண்டு வரச்சொல்லுங்கோ, ஊர்க்கத்தரி, பயித்தை, பாகல், குரக்கன் எண்டு ஆரிட்டயாவது பழைய விதை இருக்கும், ஏலத்துக்குப் பக்கத்தில ஒரு மேசை போட்டு மாத்திக்கொள்ளட்டும்.

குருநகர், பாசையூர், ஊர்காவற்றுறை மாதிரிக் கரையோரப் பங்குகளுக்கு நான் உபதேசம் பண்ண வரேல்லை, கடலை அவையளுக்குத் தெரிஞ்சளவு எனக்குத் தெரியாது. அறுந்த வலையைக் கடலில விடாமல் கரைக்குக் கொண்டு வாற ஆக்களுக்கு ஒரு இடம் வேணும், கோயில் வளவில ஒரு கொட்டில் போட்டுக் குடுக்கலாம், தங்கூசி வலை கடலுக்க கிடந்தா ஆரும் இழுக்காமலே மீன் செத்துக்கொண்டு இருக்கும். பரவைக்கடல் ஓரத்தில கண்டல் வெட்டுறதை மீனவ சங்கமும் கோயிலும் சேர்ந்து சொன்னாத்தான் நிக்கும், இறால் குஞ்சு வளர்றது அதுக்குள்ளதான்.

கறண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒண்டும் இல்லை, எல்இடி போடுங்கோ, பூசை முடிய பான் எல்லாத்தையும் நிப்பாட்ட ஒரு ஆளை வையுங்கோ, காசு இருந்தா சோலர். ஜன்னலைத் திறந்தாலே எங்கட பழைய கோயிலுகளில காத்து வரும், அப்பிடித்தான் கட்டினவை.

எதிர்ப்பு வரும். இது இல்லாமலே எங்கட ஆக்கள் மோட்சம் போனவை எண்டு ஒரு பெரியவர் என்னட்டச் சொன்னவர், நான் மறுத்துக் கதைக்கேல்லை, அவரைத்தான் கிணறு இறைக்கிற அண்டைக்கு மேல நிண்டு பாக்கச் சொன்னனான். அவற்ற தகப்பன் வெட்டின கிணறு அது. சேறு எடுக்க எடுக்க ஒவ்வொரு கல்லும் எங்க இருந்து வந்தது எண்டு சொல்லிக்கொண்டு நிண்டார், பின்னேரம் மட்டும் போகேல்லை. புது பாதர், புது ஐயர் வந்தா எல்லாம் மாறிடும் எண்ட பயமும் ஞாயம்தான், அதால ஒருத்தரின்ர ஆர்வத்தில விடாமல் வேலையைச் சங்கங்களுக்குப் பிரியுங்கோ, கிணறு வாலிபருக்கு, சேமக்காலை மரியாயின் சேனைக்கு, கோப்பை மாதர் சங்கத்துக்கு, பாத்தி பிள்ளையளுக்கு. பக்கத்துச் சைவக் கோயில்காரரோட சேர்ந்து ஒரு வாய்க்காலாவது துப்பரவாக்குங்கோ, நாங்கள் மூடின அந்த வாய்க்காலைத் திறக்கேக்க மண்வெட்டியோட முதல் வந்தது அவைதான்.

கடைசியா ஒரு சின்ன வேலை, செலவில்லாதது. ஒரு கயித்தில ஒரு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில கல்லுக் கட்டி, மாசத்தில முதல் வெள்ளிக்கிழமை செபம் முடியக் கிணத்துக்குள்ள விட்டு, தண்ணி எத்தினை முடிச்சில நிக்குது எண்டு திகதியோட கொப்பியில எழுதுங்கோ. நாங்கள் பிள்ளையளைக் கொண்டுதான் எழுதுவிக்கிறம், இந்த மாசம் ஆர் கயிறு விடுறது எண்டு அதுகளுக்குள்ள இப்பவே முறை வைச்சிருக்குங்கள்.